ஜயன்ட் ஸ்டெப்ஸ்: அந்த இரண்டரை நிமிடத்தில் எது கற்பனை, எது பாடம்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற ஜாஸ் துண்டில் சாக்சபோன் மூச்சுவிட இடமில்லாத வேகத்தில், ஒரு சுரம்கூடப் பிசகாமல் ஓடுகிறதே, இதை அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசித்தார் என்று எப்படி நம்புவது? வீட்டில் எழுதி மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்திருப்பாரோ? உண்மையிலேயே எல்லாம் கற்பனைதான் என்றால், அதே பதிவில் பியானோ வாசிப்பவர் மட்டும் ஏன் தடுமாறுகிறார்?

சுருக்கமான விடை இது. கோல்ட்ரேன் எழுதிவைத்ததை ஒப்பிக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையவில்லை. சொற்களையெல்லாம் நெடுநாள் பயிற்சியில் தயார் செய்துவைத்திருந்தார். வாக்கியங்களை அங்கே நின்றபடி அமைத்தார். பியானோ வாசித்த டாமி ஃபிளானகனுக்கோ சொற்களைத் தயார் செய்துகொள்ளவே அவகாசம் இருக்கவில்லை. அந்தப் பதிவுக்குள்ளேயே இதற்கான சாட்சியம் இருக்கிறது. அதைக் கேட்டறிய, துண்டின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1959 மே மாதத் தொடக்கத்தில், நியூயார்க்கில், அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது இது. டெனார் சாக்சபோனில் 32 வயது கோல்ட்ரேன், பியானோவில் ஃபிளானகன், பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர் என நால்வர். 1960 தொடக்கத்தில் வெளிவந்த இசைத்தட்டுக்கும் இதே பெயர்தான். தட்டின் முதல் துண்டும் இதுதான். 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வளர்த்த பீபாப் என்னும் அதிவேகப் பாணியில், ப்ளூஸையும் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களின் சாரத்தையும் கலந்து, தாளத்தைக் கனமாக்கி, ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர், மேக்ஸ் ரோச் போன்றவர்கள் 1950-களில் உருவாக்கியதை ஹார்ட் பாப் என்பார்கள். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' அந்தப் பாணியின் கடைசி எல்லைக் கல் என்றே நான் கருதுகிறேன்; கார்டுகளை (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கட்டுகளை) அடுக்கிக்கொண்டே போகும் அந்த வழியில் இதற்கு அப்பால் போக அதிக இடமில்லை.

துண்டின் உருவம் மிகச் சிறியது. ஒரு சுற்றுக்கு 16 பார்கள், பாருக்கு நான்கு அடிகள், ஆக மொத்தம் 64 அடிகள். காலப்பிரமாணம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 288 அடிகள். அப்படியென்றால் ஒரு முழுச் சுற்று பதின்மூன்று நொடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. முதலில் மூல மெட்டை இருமுறை வாசிக்கிறார்கள். அடுத்து கோல்ட்ரேன் தொடர்ச்சியாக 11 சுற்றுகள், ஃபிளானகன் 4 சுற்றுகள், மறுபடியும் கோல்ட்ரேன் 2 சுற்றுகள், முடிவில் மூல மெட்டு இருமுறை. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கோல்ட்ரேனின் முதல் தனிவாசிப்பு மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை நிமிடம்.

ஜாஸுக்குப் புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறிவிடுகிறார்கள் என்பதால் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். தனிவாசிப்பு தொடங்கியதும் மூல மெட்டு மறைந்துவிடும். ஆனால் அதன் அடியில் ஓடிய கார்டு வரிசை மறையாது. கார்டு என்பது பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கட்டு. எந்த அடியில் எந்தக் கார்டு வரவேண்டும் என்பது முன்பே தீர்மானமானது. அது சுற்றுக்குச் சுற்று அப்படியே திரும்பி வரும். வாசிப்பவரின் வேலை, அந்த வரிசையை மீறாமல் அதன் மேல் புதிய மெட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டே போவது. நம் ஆவர்த்தனத்தைப் போன்றதுதான் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆவர்த்தனத்தில் தாளம்தான் சுற்றி வருகிறது, ராகம் மாறுவதில்லை. இங்கே தாளத்தோடு சேர்ந்து, எந்தச் சுரங்கள் இனிக்கும், எவை உறுத்தும் என்ற விதியும் சுற்றி வருகிறது.

'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' துண்டில் அந்த விதி மாறும் வேகம்தான் பயங்கரம். 16 பார்களுக்குள் 26 கார்டுகள். பல இடங்களில் ஒரு கார்டுக்குக் கிடைப்பது இரண்டே அடிகள், அதாவது அரை நொடிக்கும் குறைவு. கார்டுகள் மாறுவதோடு, ஆதார சுரமே மாறிக்கொண்டிருக்கிறது. மேற்கத்திய இசையில் பி, ஜி, ஈ ஃபிளாட் எனப்படும் மூன்று சுரங்கள் மாறி மாறி ஷட்ஜமாகின்றன. பி-யை ஸ என்று வைத்துக்கொண்டால், ஈ ஃபிளாட் அந்தர காந்தாரம், ஜி சுத்த தைவதம். ஸ்தாயியின் பன்னிரண்டு சுரத்தானங்களைச் சரியாக மூன்றாகப் பங்கிட்ட மூன்று புள்ளிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நான்கு சுரத்தான இடைவெளி. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளைப் போல எதற்கும் முதலிடம் இல்லாத அமைப்பு இது. நம் கிரக பேதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரக பேதத்தில் சுரங்கள் அப்படியே இருக்க, எதை ஆதாரமாகக் கொள்கிறோம் என்பது மட்டும் மாறும். இங்கே ஆதாரம் மாறும்போது சுரக் கூட்டமும் கூடவே மாறிவிடுகிறது. மேஜர் என்பது நம் சங்கராபரணத்தின் சுரக்கோவை; பி மேஜரின் ஏழு சுரங்களுக்கும் ஜி மேஜரின் ஏழு சுரங்களுக்கும் பொதுவானவை மூன்றே.

இந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கடியில் நடப்பதில்லை. முதல் மூன்று பார்களில் ஆதாரம் பி-யிலிருந்து ஜி-க்கும், அங்கிருந்து ஈ ஃபிளாட்டுக்கும் இறங்கிவிடுகிறது. ஐந்தாவது பாரிலிருந்து ஏழாவது பார் வரை அதே போன்ற இன்னொரு சறுக்கல். எட்டாவது பாருக்குப் பிறகு கொஞ்சம் இடம் கிடைக்கிறது: ஒவ்வொரு ஆதாரமும் ஏறக்குறைய இரண்டு பார்கள் தங்குகிறது, திசையும் இறக்கத்திலிருந்து ஏற்றமாகிறது. ஆக ஒவ்வொரு சுற்றும் முன்பாதியில் குறுகலான சந்து, பின்பாதியில் சற்றே அகலமான தெரு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோல்ட்ரேனின் வாசிப்பில் எது தயாரிப்பு, எது கற்பனை என்பதைப் பிரித்துக் காட்டும் இடம் இதுவே.

வேகம் மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் அன்றைய நியூயார்க்கில் யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. 1955 பிப்ரவரியில் டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனும் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் 'செரோக்கி' என்ற பழைய பாட்டைப் பதிவு செய்தார்கள். வேகம் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல, ஆனால் பிரவுனின் வரிகள் சிரித்துக்கொண்டே படியிறங்கி வருவது போலிருக்கும். (24 வயதில் அப்படி வாசித்தவர் அடுத்த ஆண்டே கார் விபத்தில் இறந்துபோனார். ஹார்ட் பாப்பை முதன்முதலாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கோல்ட்ரேனை அல்ல, பிரவுனைத்தான்.) 'செரோக்கி' 64 பார்கள் கொண்டது. அதன் முதற்பகுதி பெரும்பாலும் பி ஃபிளாட்டிலேயே தங்குகிறது. நடுப்பகுதியில் மட்டும் ஆதாரம் பி, ஏ, ஜி என்று நான்கு பாருக்கு ஒருமுறை இறங்குகிறது. அந்த நடுப்பகுதியே கடினம் என்று பெயர் பெற்றது. சார்லி பார்க்கர் 1945-இல் அதே கார்டுகளின் மேல் 'கோ கோ' என்ற துண்டைப் பதிவு செய்த நாள்முதல், பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எல்லா ஊர்களிலும் எல்லோரும் வாசித்து வாசித்துக் கையில் ஊறிப்போன வரிசை அது. 'செரோக்கி'யில் நான்கு பாருக்கு ஒருமுறை நடப்பதை 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' முன்பாதியில் பாருக்கு ஒருமுறை நடத்துகிறது. அதுவும், எவர் கைக்கும் பழக்கமில்லாத ஒரு வழியில். ஒரேயொருவரின் கைக்கு மட்டும் அது பழகியிருந்தது.

அந்த ஒருவர் எப்படிப் பழகினார்? கோல்ட்ரேனின் பயிற்சி வெறி அவரோடு வாசித்த அனைவரும் சொல்லும் கதை. 1957-இல் போதைப் பழக்கத்தால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதே ஆண்டில் அந்தப் பழக்கத்தை விட்டொழித்து, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் சில மாதங்கள் வாசித்துவிட்டு, 1958-இல் மறுபடி மைல்ஸிடம் திரும்பியபோது அவர் வேறு ஆளாகியிருந்தார். ஒரு கார்டு ஒலிக்கும் இடத்தில் இரண்டு மூன்று கார்டுகளின் சுரங்களை அடுக்கி அருவி போலக் கொட்டும் அந்த வாசிப்பை விமர்சகர் ஐரா கிட்லர் 'ஒலித் தகடுகள்' என்று வர்ணித்தது அந்த ஆண்டில்தான். நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி 1947-இல் வெளியிட்ட சுரக்கோவைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை அவர் வைத்துப் பயிற்சி செய்தார். ஸ்தாயியைச் சமமாக மூன்று பங்கிடும் கோவைகள் அதில் உண்டு. ஆக, இந்த முக்கோணம் அவர் மனத்தில் ஓர் இரவில் உதித்ததல்ல. வேறொரு பாட்டின் கார்டுகளுக்கு நடுவே இதைச் செருகிப் பார்த்தார். மைல்ஸின் இசைத்தட்டுகளில் வந்த 'டியூன் அப்' துண்டின் வரிசைக்குள் இதைப் புகுத்தியதுதான் இதே தட்டில் இருக்கும் 'கவுன்ட்டவுன்'. 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' அந்தச் சோதனையை முழுப் பாட்டாக்கியது.

இப்போது அவர் கையில் வைத்திருந்த சொற்களுக்கு வருவோம். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டால் ஓர் அச்சு திரும்பத் திரும்ப வருவது காதில் படும்: ஒரு மேஜர் ஸ்கேலின் முதல், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் சுரங்கள். நம் மொழியில் சொன்னால் 'ஸரிகப'. நான்கே சுரங்கள்; இரண்டடிக்குள் கச்சிதமாக அடங்கும். கார்டு மாறும்போது இந்த 'ஸரிகப'வின் ஸ-வும் இடம் மாறிக்கொள்கிறது. பி-யில் ஒரு ஸரிகப, டி-யில் ஒன்று, ஜி-யில் ஒன்று, பி ஃபிளாட்டில் ஒன்று என்று நான்கை அடுத்தடுத்து வைத்தால் முதல் இரண்டு பார்களும் நிறைந்துவிடும். சில இடங்களில் அது தலைகீழாக வரும், சில இடங்களில் ரி விலகி ஸகப ஆகும், சில இடங்களில் கார்டின் சுரங்களே ஏறுவரிசையில் வரும். மோகனத்தின் முதல் நான்கு சுரங்களை நொடிக்கு ஒன்பது பத்துச் சுர வேகத்தில், ஒவ்வொரு முறையும் வேறு சுருதியில் பாடச் சொன்னால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறை இதை வீட்டுக் கீபோர்டில் முயன்றேன். மெட்ரோனோமை 100-இல் வைத்து, வலக்கையால் இந்த நான்கு நான்கு சுரங்களை மட்டும் வாசித்தேன். இரண்டாவது சுற்றின் ஐந்தாவது பாரில் விரல்கள் தாமாகவே முதல் பாரின் வழியில் திரும்பிவிட்டன. இரண்டு இடங்களும் இறங்கும் விதத்தில் அச்சு அசலாக ஒன்று, தொடங்கும் ஷட்ஜம் மட்டும் வேறு. மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே இந்தக் கதி.

இந்த அச்சு எங்கே அதிகம் வருகிறது என்று கவனித்தால் என் முதல் வாதம் உறுதிப்படும். குறுகலான சந்து என்று சொன்னேனே, அந்த முன்பாதிப் பார்களில்தான் ஸரிகப வகை அச்சுகள் நெருங்கி வருகின்றன. தெரு அகலமாகும் பின்பாதியில் வரிகள் நீள்கின்றன, வளைகின்றன, ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. யோசிக்க நேரமில்லாத இடத்தில் கையில் இருப்பது வருகிறது. கொஞ்சம் மூச்சு கிடைத்த இடத்தில் புதிது பிறக்கிறது. எழுதி மனப்பாடம் செய்த வாசிப்பில் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கக் காரணமே இல்லை. எழுதுபவருக்கு எல்லாப் பார்களிலும் ஒரே அவகாசம்தான்.

இரண்டாவது சான்று, அதற்குச் சில வாரங்களுக்கு முன் வேறு குழுவோடு, பியானோவில் சீடர் வால்டன் அமர, இதே துண்டை கோல்ட்ரேன் முயன்று பார்த்த பதிவுகள். அவர் இறந்தபின் 1970-களில் அவை வெளிவந்தன. அவற்றைக் கேட்டால், அச்சுகள் அதேதான், ஆனால் அடுக்கிய வரிசை வேறு. எந்தச் சுற்றில் எது முதலில் வருகிறது, எதை எதோடு எந்தச் சுரத்தின் வழியே ஒட்டுகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் மாறியிருக்கின்றன. ஒப்பித்திருந்தால் வாக்கியங்களும் அப்படியே திரும்பி வந்திருக்கும். முற்றிலும் கணத்தில் பிறந்திருந்தால் சொற்களும் மாறியிருக்கும். நடந்தது இரண்டுக்கும் நடுவில்.

இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நினைப்பவர்களுக்கு நம் ஆசுகவிகளை நினைவூட்டுவேன். ஈற்றடியைக் கொடுத்த மறுகணம் வெண்பாவாகச் சொல்லிமுடிப்பார் என்று காளமேகப் புலவரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் அந்தக் கணத்தில் மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. வெண்டளை அவர் காதிலேயே இருக்கிறது. எதுகைச் சொற்கள் கூட்டம் கூட்டமாக நாவில் இருக்கின்றன. எதைச் சொல்வது என்பது மட்டுமே புதிது. அதனால் அவரை ஆசுகவி அல்ல, மனப்பாடக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. கோல்ட்ரேன் செய்தது இதன் இன்னும் கடினமான வடிவம். தானே ஒரு புதிய யாப்பைக் கண்டுபிடித்து, அதன் தளைகளைத் தன் காதுக்கு மட்டும் பழக்கி, பிறகு அதில் விரைந்து கவி பாடிக் காட்டினார்.

ஃபிளானகனின் சங்கடம் இந்த உவமையிலேயே அடங்கிவிடுகிறது. பேர்பெற்ற புலவர் ஒருவரை அவைக்கு அழைத்து, அவர் அதுவரை கேட்டறியாத யாப்பில், நொடிப்பொழுதில் பாடச் சொன்னது போன்றது அது. அவர் சாதாரணப் பியானோக்காரர் அல்லர். டெட்ராய்ட்டிலிருந்து வந்தவர், 1956-இல் சாக்சபோன் கலைஞர் சானி ரோலின்ஸின் புகழ்பெற்ற 'சாக்சபோன் கொலாசஸ்' தட்டில் வாசித்தவர், பின்னாளில் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டுக்குப் பல ஆண்டுகள் பக்கவாத்தியமாக இருந்தவர். கார்டு வரிசையை அவர் முன்பே பார்த்திருந்தார். இவ்வளவு வேகத்தில் வாசிக்கப்போகிறோம் என்று எதிர்பார்க்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வரிசையை மெதுவாக வாசித்தால் அது உருகும் மெட்டுக்குரியதாகவே தோன்றும் என்பதால் அந்த எதிர்பார்ப்பில் தவறொன்றும் இல்லை.

அவருடைய பகுதி ஏறத்தாழ 2 நிமிடம் 54-ஆவது நொடியில் தொடங்குகிறது. சாக்சபோனின் இரைச்சல் சட்டென்று நிற்க, அதுவரை பின்னாலிருந்த பாஸும் சிம்பலும் முன்னுக்கு வந்துவிடுகின்றன. வலக்கையில் தனிச் சுரங்களாக ஒரு வரியைத் தொடங்குகிறார், நல்ல வரி. அது முடியும் முன்பே ஆதாரம் மாறிவிடுகிறது. ஒரு சிறு நிறுத்தம். அடுத்த வரி இன்னும் குட்டையாக வருகிறது. மறுபடி நிறுத்தம், முன்னதைவிட நீளமாக. சேம்பர்ஸின் பாஸ் யாருக்காகவும் காத்திராமல் அடிக்கொரு சுரமாக நடந்துகொண்டேயிருக்கிறது. கடைசியில் ஃபிளானகன் வரிகளைக் கைவிட்டு, கார்டுகளை மட்டும் அழுத்தி அழுத்தி வைக்கிறார். வாக்கியம் வராதபோது யாப்பின் எலும்புக்கூட்டையாவது சரியாகக் காட்டிவிடுவோம் என்பது போல. ஐம்பது நொடிகளுக்குச் சற்று அதிகம். பிறகு கோல்ட்ரேன் கதவைத் தள்ளிக்கொண்டு வருவது போல உள்ளே வருகிறார்.

இந்த ஐம்பது நொடிகளைத் தோல்வி என்று எழுதுவது ஜாஸ் பற்றிய பேச்சில் கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. என் கருத்து வேறு. கணத்தில் யோசித்து வாசிப்பது என்றால் என்னவென்று கேட்டீர்களே, இந்தப் பதிவில் அதை மறைவில்லாமல் கேட்க முடிகிற இடம் இதுதான். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு முடிவெடுக்கும் நேரம். எங்கும் தவறான சுரத்தை அடித்துச் சமாளிக்கவில்லை. தெரியாத இடத்தில் பொய்யாக எதையும் கொட்டவில்லை. தெரிந்த இடத்தில் சொல்லி, தெரியாத இடத்தில் மௌனமாக இருந்தார். அந்தக் கண்ணியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கு மறுபக்கமாக, கோல்ட்ரேனின் வாசிப்பு பயிற்சிப் பாடம் போல ஒலிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இன்று உலகெங்கும் ஜாஸ் பயிலும் மாணவர்கள் அந்தப் பதினொரு சுற்றுகளை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்கிறார்கள். அவர் ஒப்பிக்காததை இவர்கள் ஒப்பிக்கிறார்கள். அப்படி எளிதில் பாடமாக்க முடிகிறது என்பதே அதன் அச்சுத்தன்மைக்குச் சான்று. ஆனால் அந்த அச்சுகளுக்குப் பின்னால் இருக்கும் தொனியை எழுத முடியாது. மேல்ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து அதை அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவே வைக்கும் அந்தக் குரல் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. சுவை என்று கேட்டால், இதே தட்டின் 'கவுன்ட்டவுன்' எனக்கு இதைவிட நெருக்கமானது. டிரம்ஸ் மட்டும் முதலில் தனியே பேச, பின் சாக்சபோன் பியானோவோ பாஸோ இல்லாமல் டிரம்ஸோடு மட்டும் மோத, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர, மூல மெட்டு கடைசியில்தான் தலைகாட்டுகிறது. இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே 1959 வசந்தத்தில், மார்ச்சிலும் ஏப்ரலிலும், கோல்ட்ரேனும் சேம்பர்ஸும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டுக்காக வாசித்தார்கள். அதில் வரும் 'ஸோ வாட்' 32 பார்கள் கொண்டது; அந்த 32 பார்களுக்கும் இரண்டே இரண்டு சுர வரிசைகள். ஒரே மனிதர், சில வாரங்களுக்குள், ஒரு பக்கம் ஏறக்குறைய எதுவுமே மாறாத வெளியிலும், மறுபக்கம் அரை நொடிக்கு ஒருமுறை தரை நகரும் இடத்திலும் நின்று வாசித்திருக்கிறார். அதன்பின் அவர் தேர்ந்தெடுத்தது முதல் வழியைத்தான். 1960 அக்டோபரில் பதிவான 'மை ஃபேவரிட் திங்ஸ்' துண்டில் நீண்ட நேரம் ஒரே ஆதாரத்தின் மேல் நின்று சுழல்கிறார். 1961-இல் 'இந்தியா' என்றே ஒரு துண்டுக்குப் பெயரிட்டு, சுருதியைப் போல நிலைத்து நிற்கும் பாஸின் மேல் வாசித்தார். முக்கோணத்தின் மூலைகளையெல்லாம் ஒருமுறை மின்னல் வேகத்தில் தொட்டுவிட்டவருக்கு அதற்கு மேல் அங்கே வேலை இருக்கவில்லை போலும்.

கேட்கும் முறை பற்றி ஒரு யோசனை. முதல்முறை சாக்சபோனைக் கேட்காதீர்கள். பாஸை மட்டும் பின்தொடருங்கள். 64 அடிகளை எண்ண வேண்டாம். மூல மெட்டு இருமுறை வரும்போதே அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டு, தனிவாசிப்பு தொடங்கிய பிறகும் அதே மெட்டை மனத்தில் ஓடவிடுங்கள். நீளமான சுரங்களால் ஆன எளிய மெட்டு அது. முதல் நான்கு சுரங்கள் படிப்படியாக இறங்கி, ஐந்தாவது சற்று மேலேறி நிற்கும். அதைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டால், பதின்மூன்று நொடிக்கு ஒருமுறை கோல்ட்ரேன் சந்துக்குள் நுழைவதும் தெருவுக்கு வெளிவருவதும் தானாகவே கேட்கத் தொடங்கும். அதுவரை இரைச்சலாக இருந்தது வரிவரியாகப் பிரிந்துவிடும். மூன்றாம் நான்காம் முறையில், பின்பாதிப் பார்களில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபிளானகனிடம் திரும்பலாம். 1967 ஜூலையில் கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்துபோனார். 1982-இல் ஃபிளானகன், பாஸில் ஜார்ஜ் ம்ராஸ், டிரம்ஸில் அல் ஃபாஸ்டர் ஆகியோரோடு, நண்பரின் நினைவாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயரும் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'தான். அந்தத் துண்டைத் தவிர்த்துவிடவும் இல்லை. 1959-இன் அந்த ஐம்பது நொடிகளைக் கேட்ட கையோடு இதைப் போட்டுக் கேளுங்கள். முன்பு வரி அறுந்த அதே திருப்பங்களில் இப்போது வலக்கை நிற்காமல் திரும்பிப் போகிறது. அது கோல்ட்ரேனின் ஸரிகப வழியில் அல்ல, ஃபிளானகனுக்கே உரிய நிதானமான நடையில்.